கணக்கில் வரும் சிறு செயல்கள்



வீடியோ கேம் என்றாலே பொழுதை விழுங்கும் பொருள் என்ற எண்ணம் நம் குடும்பங்களில் உண்டு. அவ்வெண்ணம் பெரும்பாலும் சரியானதே. ஆயினும், மெச்சத்தக்க ஒரு பழைய விளையாட்டைப் பற்றி இங்கே பகிர விரும்புகிறோம்.

1995ஆம் ஆண்டு ஜப்பானின் ஸ்கொயர் நிறுவனம் சூப்பர் ஃபாமிகாம் கருவிக்காக வெளியிட்ட 'க்ரோனோ ட்ரிக்கர்' அது. 'ஃபைனல் ஃபேண்டஸி'யை உருவாக்கிய ஹிரோனோபு சகாகுச்சி, 'டிராகன் குவெஸ்ட்' தந்த யூஜி ஹோரி, ஓவியர் அகிரா தோரியாமா ஆகியோர் இதில் கைகோத்தனர். க்ரோனோ என்னும் இளைஞனும் அவன் தோழர்களும் காலங்களைக் கடந்து பயணித்து, உலகின் அழிவைத் தடுக்க முயல்வதே கதை.

எங்களைக் கவர்ந்தது போர்க்களமன்று. தொடக்கத்தில் வரும் திருவிழா. அங்கே க்ரோனோ ஒரு பெண்மீது மோதிவிட, அவளது பதக்கம் கீழே விழுகிறது. முதலில் அவளை நலம் விசாரிப்பதா, பதக்கத்தை எடுப்பதா? ஓரிடத்தில் யாரோ வைத்துச் சென்ற உணவுப் பொதி இருக்கிறது. பூனையைத் தொலைத்த சிறுமி ஒருத்தி நிற்கிறாள். இவை முக்கியமானவை என்று விளையாட்டு ஒரு சொல்லும் உரைப்பதில்லை.

பின்னர் அப்பெண் இளவரசி எனத் தெரியவருகிறது. அவளைக் கடத்தியதாகக் க்ரோனோ நீதிமன்றத்தில் நிறுத்தப்படுகிறான். உணவை உண்டிருந்தால், அதற்குரிய முதியவர் சாட்சி சொல்கிறார். பூனையைச் சேர்ப்பித்திருந்தால், அச்சிறுமி அவனுக்காகப் பேசுகிறாள்.

"யாருமே பார்க்கலையே வாப்பா, எப்படித் தெரிஞ்சது?" என்று திகைத்தான் எங்கள் மகன். அணுவளவு செயலும் கணக்கில் வரும் என்று நம்பும் நம் வீடுகளில் இதைவிட நல்ல கேள்வி வேறென்ன வேண்டும்?

மகளின் கேள்வி இன்னும் கடினமானது. நடுவர்கள் எழுவரும் நிரபராதி என்றே கூறினாலும் க்ரோனோ சிறைக்குத்தான் அனுப்பப்படுகிறான். "அப்போ பூனையைத் தேடிக் கொடுத்து என்ன பயன்?" என்றாள். "அந்தப் பிள்ளைக்குப் பூனை கிடைச்சிடுச்சே" என்றோம். நன்மை, மனிதர் தரும் தீர்ப்புக்காகச் செய்யப்படுவதன்று என்பதை அவள் மெல்ல உணர்ந்தாள்.

இவ்விளையாட்டில் மாயவித்தையும் அரக்கர்களும் கற்பனையாக வருகின்றன. ஆகவே பிள்ளைகளைத் தனியே விடாமல், தொழுகைக்கும் படிப்புக்கும் பிந்திய நேரத்தில், பெற்றோரும் உடன் அமர்ந்து ஆடுவது நலம். பேசுவதற்கு நிறையவே கிடைக்கும்.