பட்டதா, படவில்லையா?

2023-ஆம் வருஷம் அக்டோபர் 7-ஆம் தேதி கூத்தாநல்லூர்க் கடைத்தெருவில் ஒரு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே தொலைக்காட்சியில் ஹாங்சௌ ஆசிய விளையாட்டின் கபடி இறுதி ஆட்டம். இந்தியாவுக்கும் ஈரானுக்கும் போட்டி. 28-க்கு 28. முடிய ஏறக்குறைய ஒரு நிமிஷந்தான் பாக்கி. பவன் செஹ்ராவத் பாடிப் போனார். யாரையும் தொடாமலே பக்கவாட்டு லாபியில் கால் வைத்துவிட்டார். அவரைத் துரத்தி ஈரான்காரர்களும் அதற்குள் வந்தார்கள். அவ்வளவுதான், ஆட்டம் நின்றுவிட்டது.

இந்த லாபி ஒரு விசித்திரமான இடம். ஆளை ஆள் தொடும் வரையில் அது களத்தில் சேர்ந்ததல்ல, மிதித்தவன் அவுட். தொட்ட மறுகணம் அதுவும் களமாகிவிடும். உடம்புதான் படவேண்டும் என்றுகூட இல்லை. உடுப்பு உரசினாலும் தொட்டதுதான். ஆகவே பாதி வழக்கு, "பட்டதா, படவில்லையா?" என்ற கேள்வியில் வந்து நிற்கும். ஹாங்சௌவில் அதற்கு மேலும் ஒரு சிக்கல். தொடாமல் லாபிக்குள் வந்த எல்லாருமே அவுட்டா, பாடிப் போனவர் மட்டுமா என்பதில் பழைய விதி ஒன்று சொல்லிற்று, புதிய விதி வேறு சொல்லிற்று. தீர்ப்பு மாறி மாறி வந்தது. சுமார் ஒரு மணி நேரம் கழித்து ஆட்டம் தொடர்ந்து, 33-க்கு 29 என்று இந்தியா ஜயித்தது.

அந்த ஒரு மணி நேரமும் டீக்கடையில் எல்லாரும் நீதிபதிகள். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. காரணம் இருந்தது.

சில வருஷங்களுக்கு முன், தை அறுவடை முடிந்த ஒரு வயலில் தாளைச் செதுக்கிச் சுண்ணாம்புக் கோடு போட்டு ஆட்டம் வைத்தார்கள். வரவேண்டிய அம்பயர் வரவில்லை. "அண்ணன் கதை எழுதறவங்க, நியாயமாச் சொல்லுவாங்க" என்று விசிலை என் கையில் கொடுத்துவிட்டார்கள். நடக்காததைப் பார்ப்பதுதான் கதை எழுதுகிறவனுக்குத் தொழில் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை. விதிப்படி பக்கத்துக்கு ஒருவராக இரண்டு அம்பயர்கள் வேண்டும். அவர்களுக்குள் அபிப்பிராய பேதம் வந்தால் தீர்த்துவைக்க ஒரு ரெப்ரி. எங்கள் வயலில் மூவரும் நானே.

கடைசிப் பாட்டம். ஒல்லியான பையன் ஒருவன், எனக்கு எதிர்ப்பக்க மூலையில் காலை நீட்டினான். அவன் முதுகு எனக்கு மறைத்தது. மூலையில் நின்றவன் துள்ளிப் பின்வாங்கினான். ஒல்லிப் பையன் மூச்சு விடாமல் கோட்டைத் தாண்டி வந்து கையைத் தூக்கினான். ஒரே கூச்சல்.

நான் பார்க்கவில்லை. பார்க்காததற்குப் பாயிண்ட் இல்லை என்று விசில் ஊதியிருக்க வேண்டும். அதற்குத் தைரியம் இல்லை. புத்திசாலித்தனமாக ஒன்று செய்தேன். மூலைப் பையனைக் கூப்பிட்டுத் தோளில் கை வைத்து, "தம்பி, நீயே சொல்லு. உன் மேலே பட்டுதா?" என்று கேட்டேன். கூட்டம் அடங்கிற்று. எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்தது.

பையன் தன் கேப்டன் முகத்தைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "இல்லேண்ணே" என்றான். அந்த ஒரு பாயிண்டில் அவன் கக்ஷி ஜயித்தது.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நின்றபோது, ஒல்லிப் பையன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். நான் ஏதோ ஆறுதல் சொல்லத் தொடங்கினேன்.

"தோத்தது போவுதுண்ணே. நீங்க பாக்கலேன்னா பாக்கலேன்னு சொல்லியிருக்கலாம். அவனை எதுக்குக் கூப்பிட்டுக் கேட்டீங்க? நானும் அவனும் ஒரே தெரு. இப்ப அவன் என் பக்கமே வரமாட்டேங்கறான்."

எனக்குப் பதில் வரவில்லை. அம்பயர் தப்பாகச் சொன்னால் அவனைக் குருடன் என்று திட்டிவிட்டு இரண்டு கக்ஷியும் சேர்ந்து டீ குடிக்கப் போகலாம். அந்தத் திட்டை வாங்கிக்கொள்ளத்தான் அவனை நிறுத்துகிறார்கள். நானோ அதற்குப் பயந்து, என் வேலையை ஒரு பையன் தலையில் வைத்தேன். தன் பக்கத்து ஆறு பேரையும் காட்டிக்கொடு, அல்லது பொய் சொல் என்று ஊர் நடுவில் நிறுத்தி வைத்துக் கேட்டதற்கு, நியாயம் என்று பெயர் வேறு!

ஆட்டம் முடிந்து டீக்கடைக் கூட்டம் கலைந்தது. கடைக்காரப் பாய், "என்ன தம்பி, நீங்க ஒண்ணுமே சொல்லலியே! தீர்ப்பு சரிதானா?" என்றார்.

"முன்னாலே நின்னவர் முதுகுதான் தெரிஞ்சுது, பாய். நான் சரியாப் பாக்கலே" என்றேன்.

அன்றைக்கு வயலில் சொல்லவேண்டிய வார்த்தை.