மூன்று நீலங்கள்

திருச்சி பொன்மலையில் மாமா இருந்த ரயில்வே குவார்ட்டர்ஸின் பின்கட்டில் ஒரு சின்ன அறை. முன்பு விறகு அடுக்கிவைத்த இடம். மே மாத லீவுக்குப் போனால் எனக்கு ஊர் என்பது அந்த அறைதான். வெளியே வேப்பமரத்துக்கும் மொட்டைமாடிக்கும் நடுவில் 20 மீட்டர் நீளத்துக்குச் செப்புக்கம்பி ஆன்டெனா. உள்ளே சால்டரிங் புகை, மெழுகுபோட்ட டிரான்ஸ்ஃபார்மரின் வாசனை, ஓயாத ஒரு ஹம். மாமா பகலில் பணிமனையில் ஃபிட்டர். சங்கு ஊதியதும் வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு முடித்ததும் 7 மெகாஹெர்ட்ஸில் பேசுகிற ஹாம், அதாவது அமெச்சூர் ரேடியோக்காரர். மோர்ஸ் பரீட்சை எழுதி டெல்லியிலிருந்து வாங்கிய லைசென்ஸைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். சாமி படங்களின் வரிசையிலேயே அதுவும் தொங்கியது.

அந்த வருஷம் நான் போய் இறங்கியபோது மேஜைமேல் இரண்டு அட்டைப்பெட்டிகள். ரயில்வே பாஸில் மெட்ராஸ் போய் மூர் மார்க்கெட்டில் கிளறி எடுத்துவந்த, 813 என்ற ரக வால்வுகள். (1985இல் மூர் மார்க்கெட் எரிந்த செய்தியைக் கேட்டு மாமா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. அங்கே கிடைத்ததெல்லாம் இனி எங்கே கிடைக்கும் என்று பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.) பெட்டிகள் பிரிக்கப்படாதவை. ஆனால் உள்ளே இருந்தது மாமா கல்யாணத்துக்கு முந்தைய சரக்கு. இதே வகை வால்வுதான் ஏஆர்டி-13 என்ற விமான டிரான்ஸ்மிட்டரில் இருந்தது, அந்த டிரான்ஸ்மிட்டர் பி-29 குண்டுவிமானங்களில் பறந்தது, 1944இல் அந்த விமானங்கள் நம் கரக்பூர் பக்கத்திலிருந்தே கிளம்பிப் போயின என்று மாமா சொல்லச் சொல்ல, நான் அந்தக் கண்ணாடிக் குடுவையைத் தொடவே பயந்தேன். ஒரு சாண் உயரம், உச்சியில் உலோகத் தொப்பி, நடுவில் கறுத்த பிளேட், அடியில் ஏழு பின்.

"இன்னிக்கே போட்டுப் பேசுவோமா மாமா?"

"பேசக் கூடாது பாப்பா. இத்தனை வருஷம் தூங்கினதை அடிச்சு எழுப்பக் கூடாது. வெற்றிடத்துக்கும் வயசாகும்."

அவர் சொன்னதன் அர்த்தம் அந்த வாரம் முழுக்க மெள்ள மெள்ளப் புரிந்தது. வால்வுக்குள் காற்றே இல்லை என்று மூடி அனுப்பினாலும், உலோகமும் கண்ணாடியும் தங்களுக்குள் பிடித்துவைத்திருக்கும் வாயுவை வருஷக்கணக்கில் துளித்துளியாக விட்டுக்கொண்டே இருக்கும். அந்த வாயு இருக்கும்போது எடுத்த எடுப்பில் 2,000 வோல்ட் கொடுத்தால் உள்ளேயே மின்னல் பாயும். வால்வு அத்தோடு போகும்.

முதலில் ஃபிலமென்ட் மட்டும். வேறு எந்த வோல்டேஜும் கிடையாது. வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர்ஸ்டாட்டின் குமிழை மாமா மயிலிறகைத் தொடுவதுபோலத் திருப்பினார். குளிர்ந்த டங்ஸ்டன் கம்பிக்குத் தடை குறைவு, திடீரென்று கொடுத்தால் கரண்ட் பாய்ந்துவிடும். கம்பி இருண்ட சிவப்பானது, பிறகு ஆரஞ்சு, 10 வோல்ட் வந்தபோது பிளேட்டின் இடுக்கு வழியாக மஞ்சள் வெளிச்சம் சுவரில் கோடு போட்டது. அந்த டங்ஸ்டனுக்குள் கொஞ்சம் தோரியம் கலந்திருக்கிறது. சூட்டில் தோரியம் மேற்பரப்புக்கு ஊறி வந்து ஓர் அணு கனத்துக்குப் படரும். எலெக்ட்ரான்களை வாரி வழங்குவது அந்தப் படலம்தான். வோல்டேஜ் கூடினால் படலம் ஆவியாகும், ரொம்பக் குறைந்தால் ஊறி வராது. அதனால் முள் 10இலேயே நிற்க வேண்டும். ஆனால் சாயங்காலம் ஊரே விளக்குப் போடும்போது கரண்ட் இறங்கும், ஊர் அடங்கினால் ஏறும். மீட்டரைப் பார்த்துக்கொண்டே இருந்து, முள் நகர்ந்தால் மாமாவைக் கூப்பிட வேண்டும், அரைமணிக்கு ஒருமுறை நோட்டில் எழுத வேண்டும். அந்த வேலை எனக்கு.

"பொட்டப்புள்ளைய ஏண்டா கரண்டுகிட்ட உக்கார வெக்கிற?" என்று அம்மாச்சி வாசலில் நின்று கேட்டது.

"அவ கண்ணு எனக்கு வேணும்மா" என்றார் மாமா. அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் எத்தனை ராத்திரி வேண்டுமானாலும் முழித்திருப்பேன்.

ஒரு பகலும் ராத்திரியும் ஃபிலமென்ட் எரிந்த பிறகுதான் பிளேட்டுக்கு வோல்டேஜ். அதற்கு முன் என் கையைப் பிடித்துச் சட்டங்கள் சொன்னார். அறைக்குள் இருக்கிறவரை இடது கை முதுகுக்குப் பின்னால். ஸ்விட்ச் அணைத்தாலும் கண்டென்சர் அணையாது. மூங்கில் குச்சியின் நுனியில் செப்புக் கொக்கி கட்டி, அதிலிருந்து எர்த்துக்கு வயர் இழுத்திருந்தார். அந்தக் கொக்கி தொட்டு, டப்பென்று பொறி அடங்கிய பிறகுதான் மனுஷக் கை உள்ளே போகலாம்.

கரண்டை நேராக்கித் தருவது இரண்டு 866ஏ பாதரச வால்வுகள். முதல்முறை அவற்றுக்குக் கால்மணி நேரத்துக்கும் மேலாக ஃபிலமென்ட் சூடு கொடுத்துக் காத்திருந்தோம். பெட்டியில் உருண்டபோது கண்டபடி சிதறிய பாதரசம் தன் இடத்துக்குப் போய்ச்சேர வேண்டும். பிறகு, வழியில் ஒரு பெரிய ரெசிஸ்டரைப் போட்டு, 500 வோல்ட். பாதரச வால்வுகள் இரண்டும் நீலமாக விழித்துக்கொண்டன. ட்யூப்லைட் தவிர வேறு நீல வெளிச்சம் பார்த்திராத எனக்கு மூச்சே நின்றது.

"இது நல்ல நீலம். இது இப்படித்தான் இருக்கணும்" என்றார்.

1,000 வோல்ட்டில் 813இன் கண்ணாடிச் சுவரில் உள்பக்கமாக இன்னொரு நீலம் ஒட்டியது. நான் பதறிக் கூப்பிட்டேன். மாமா நிதானமாக ஒரு நீளக் குச்சியின் நுனியில் பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கட்டி, வால்வைச் சுற்றியிருந்த கம்பிவலைக்கு வெளியிலிருந்து காட்டினார். கண்ணாடியில் இருந்த நீலம் நகர்ந்தது. காந்தத்தை இந்தப் பக்கம் கொண்டுவந்தால் இந்தப் பக்கம். வழிதவறிய எலெக்ட்ரான்கள் கண்ணாடியில் மோதி ஒளிர்கின்றன, காந்தம் அவற்றின் பாதையை வளைக்கிறது, இதனால் கெடுதல் இல்லை என்றார். பள்ளிக்கூடத்தில் எலெக்ட்ரான் என்று படித்தபோதெல்லாம் எனக்கு அந்த நகர்ந்த நீலம்தான் கண்முன் வரும்.

மூன்றாவது நீலம் 1,500இல் வந்தது. கண்ணாடியில் அல்ல, பிளேட்டுக்கும் அதனுள் இருக்கும் கிரிட் கம்பிகளுக்கும் நடுவில், கத்தரிப்பூ நிறத்தில், மூட்டம்போல. மாமாவின் முகம் மாறியது. உடனே இறக்கினார். அதுதான் வாயு. அன்று ராத்திரி முழுக்க மறுபடி ஃபிலமென்ட் மட்டும். மறுநாள் 500, சில மணி நேரம். 1,000, சில மணி நேரம். மின்னேறிய வாயு மூலக்கூறுகள் போய் உலோகத்தில் புதைந்து அங்கேயே தங்கிவிடும். வால்வு தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்கிறது, நாம் அதற்கு நேரம் கொடுக்கிறோம், அவ்வளவுதான் நம் வேலை என்றார். தன்னுடைய லீவு நாட்களை அவர் இதற்கென்றே எடுத்திருந்தார் என்று அத்தை பிறகு சொன்னது. அடுத்தமுறை 1,500இல் கத்தரிப்பூ மூட்டம் லேசாகத்தான் தெரிந்தது. அதற்கடுத்த முறை, விளக்கை அணைத்துவிட்டு இரண்டு பேரும் வலைக்கு எட்டவே உட்கார்ந்து பார்த்தும், இல்லை. 2,000க்கு ஏற்றினார். இல்லை.

ஆன்டெனாவுக்குப் பதிலாக 100 வாட் பல்புகளைக் கோர்த்து அவற்றில் பேசிப் பார்த்தார். "ஹலோ டெஸ்ட், ஒன், டூ" என்கிற ஒவ்வொரு சொல்லுக்கும் பல்புகள் பளிச்சிட்டன. அதே தாளத்தில் பாதரச வால்வுகளின் நீலமும் துடித்தது. அம்மாச்சிகூட உள்ளே வந்து நின்று பார்த்தது.

மறுநாள் விடியற்காலையில் ஆன்டெனாவை மாட்டி அழைத்தார். கொழும்பிலிருந்து ஒரு ஹாம் பதில் சொன்னார், ஃபைவ் நைன் என்று, அதாவது தெளிவாகவும் பலமாகவும் கேட்கிறது என்று. மாமா நன்றி சொல்லிக்கொண்டிருக்கும்போதே மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, நீலம் எங்க இருக்கு?"

"கண்ணாடியில மட்டும்தான் மாமா."

பேசி முடித்து, ஸ்விட்சை அணைத்து, கொக்கியைத் தொட்டுப் பொறி அடங்கிய பிறகு, இரண்டாவது பெட்டியைப் பிரித்தார். ஸ்பேர் வால்வுதானே, அப்படியே இருக்கட்டுமே என்றது அத்தை. ஸ்பேர் என்றால் மாட்டின நிமிஷமே வேலை செய்யணும் என்று சொல்லி, நோட்டில் புதுப் பக்கம் திருப்பி என்னிடம் நீட்டினார்.