பாறைக்குள் இறங்காத கம்பி

மடுல்கெல்லவில் நக்கிள்ஸ் மலைத்தொடரைப் பார்த்தபடி நிற்கும் ஒரு விடுதி. மரத்தளத்தில் வெந்நீர்த் தொட்டி, அதைச் சுற்றி மஞ்சள் விளக்குச் சரம். விளக்குக் கட்டிய இளைஞனுக்கு முதலாளி கைகொடுத்தார். எர்த் கம்பிக்குக் குழி வெட்டக் கேட்ட வயரிங் பாஸிடம், "இந்தக் குழி என்னத்துக்கு பாஸ்? கரண்ட் வயர்லதானே வருது?" என்றார்.

நாற்பது வருடம் இந்த மலையில் வயர் இழுத்தவர் அந்த பாஸ். இந்த வருடத்தோடு ஓய்வு. அந்தக் கேள்வியை அவரால் இன்னும் விழுங்க முடியவில்லை.

விதிகள் அவருக்கு மனப்பாடம். தொட்டிக்குள் எரியும் விளக்கு 12 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. அதற்குக் கரண்ட் கொடுக்கும் டிரான்ஸ்போமர் கைக்கெட்டாத தூரத்தில் இருக்க வேண்டும். விளிம்பிலிருந்து 2 மீட்டருக்குள் ப்ளக் பேஸ் வைப்பதில்லை. கைப்பிடி, பம்பின் உடல், ஏணி என்று தொடக்கூடிய உலோகம் அத்தனையையும் ஒரே செம்பு வயரால் பிணைக்க வேண்டும். இலங்கை வயரிங் பிரிட்டிஷ் விதிகளைத் தழுவியது, அந்த நூலில் நீச்சல் தொட்டிக்கென்றே ஒரு பிரிவு உண்டு. பெயரில் '12 வோல்ட்' என்று அச்சடித்துக் கடையில் விற்கும் மலிவான டிரைவர் எல்லாம் அந்த டிரான்ஸ்போமர் ஆகாது. 230 வோல்ட்டை உள்ளே முழுதாகப் பிரித்து வைத்திருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

ஆனால் அவரைக் கடைசிவரை அலைக்கழித்தது எர்த்.

இங்கே மின் கம்பத்திலிருந்து எர்த் வருவதில்லை. ஒவ்வொரு கட்டடமும் தன் மண்ணில் தானே கம்பி இறக்கிக்கொள்ள வேண்டும். மடுல்கெல்ல மண்ணோ இரண்டடிக்குக் கீழே பாறை. சுத்தியலால் அடித்தால் கம்பி கொண்டை விரியும், கீழே இறங்காது. அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பெரியவர், தேயிலை பெக்டரியில் ரோலர் மோட்டார்களைப் பார்த்தவர், குழி வெட்டிக் கரியும் உப்பும் கொட்டுவார். கொட்டிய உப்பை இரண்டு மழைக்காலத்தில் நக்கிள்ஸ் மழை கழுவிவிடும், மிச்சம் இருப்பது செம்பை அரிக்கும். அது சீடனுக்குப் புரியப் பல வருடம் ஆயிற்று. பிறகு கம்பியை நெட்டுக்குத்தாக இறக்கும் யோசனையையே விட்டுவிட்டார். கொழுந்து மலையில் கான் வெட்டுவது போல மலைச்சரிவின் குறுக்கே நீளமாகப் பள்ளம் வெட்டி, செம்புப் பட்டையைப் படுக்கவைத்து, மேலே பென்டோனைட் களிமண்ணைப் பூசி மூடினார். மழைநாளில் அளந்தால் எந்த எர்த்தும் நல்ல எர்த்தாகத் தெரியும். அவர் பங்குனி வெயிலில் மறுபடி எர்த் மெகரைத் தூக்கிக்கொண்டு வருவார். அந்த இரண்டாவது பயணத்துக்கு யாரும் காசு கொடுத்ததில்லை.

கணக்கு எளிது. 30 மில்லிஆம்பியரில் விழும் ட்ரிப் சுவிட்சுக்கு எர்த் 1667 ஓமைத் தாண்டினால் உலோகத்தில் 50 வோல்ட்டுக்கு மேல் நின்றுவிடும். உலர்ந்த இடத்துக்கு எழுதிய எண் அது, ஈர உடம்புக்கு அவர் அதை நம்பியதில்லை. 200க்குக் கீழே வராவிட்டால் கையெழுத்துப் போடமாட்டார்.

ட்ரிப் சுவிட்ச் பற்றியும் பேசுவார். கலிபோர்னியாவில் சார்ல்ஸ் டால்சீல் என்ற பேராசிரியர் தொண்டர்களின் கையில் கரண்ட் விட்டுப் பார்த்தார். ஆண்களுக்குச் சராசரியாக 16, பெண்களுக்கு 10.5 மில்லிஆம்பியரில் பிடித்த கம்பியை விட முடியவில்லை. 1961இல் அவர் உருவாக்கிய கருவியின் வழிவந்ததால்தான் அமெரிக்கத் தொட்டிகளில் ட்ரிப் சுவிட்ச் 5 மில்லிஆம்பியர் அளவிலேயே அறுந்துவிடுகிறது. நமது 30 இதயத்தைக் காக்கும் எல்லை. கை இறுகிப்போவதை அது முழுதாகத் தடுக்காது. தண்ணீருக்குள் இருக்கிற ஒருவருக்கு அந்தச் சில கணங்களே அதிகம் என்பது பாஸின் கட்சி. ஜக்குசி குடும்பத்தின் கேண்டிடோ மூட்டுவாதம் வந்த மகனுக்காக நீர்ச்சுழல் பம்பை வைத்தது வீட்டுக்குளியல் தொட்டியில். அதைப் பனிக்கும் மழைக்கும் நடுவில் கொண்டுவந்து வைத்திருக்கிறோம். அப்படியானால் கவனமும் கூட வேண்டாமா?

கூடவில்லை. போன ஐப்பசி மழையில் விடுதிக்குப் போனவர் மெயின் பெட்டியைத் திறந்ததும் நின்றுவிட்டார். ட்ரிப் சுவிட்சைச் சுற்றிக்கொண்டு ஒரு வயர் போயிருந்தது.

"மழை நேரத்துல விழுந்துகிட்டே இருந்துச்சு பாஸ். கெஸ்ட் ஏசினாங்க. அதான் நேரா குடுத்துட்டேன்" என்றான் விளக்குக் கட்டிய பையன்.

"அது ஏன் விழுந்துச்சுன்னு பாத்தியா தம்பி?"

பையன் பார்க்கவில்லை. இந்தக் காலத்தில் டெஸ்டரில் விளக்கு எரிந்தால் வேலை முடிந்தது. மெகர் வைத்திருக்கும் இளைஞர்களைக் கண்டி டவுனிலேயே தேட வேண்டியிருக்கிறது என்று அவர் ஆற்றாமையோடு சொல்கிறார். தன் பெரியவர் ஒரு ஜாயிண்டுக்காக அரைநாள் நிறுத்திவைத்ததை, அப்போது அழுகை வந்ததை, இப்போது நன்றியோடு நினைக்கிறார்.

மெயினை அணைத்து, பையனையும் கூட்டிக்கொண்டு மரத்தளத்துக்கு அடியில் தவழ்ந்தார். விளக்குச் சரத்தின் 230 வோல்ட் ஜாயிண்ட், தொட்டியிலிருந்து ஒரு முழத் தூரத்தில், வெறும் டேப் சுற்றிக் கிடந்தது. பிரித்தபோது உள்ளிருந்து தண்ணீர் சொட்டியது. செம்பு பச்சை பூத்திருந்தது. பையனின் உள்ளங்கையில் அதை வைத்தார், ஒன்றும் சொல்லவில்லை. சரத்தைக் கழற்றி, சுற்றுவயரை வெட்டி, ட்ரிப் சுவிட்சை மறுபடி வழியில் போட்டார். மெயினைப் போட்டு டெஸ்ட் பட்டனை அமுக்கினார். டக்கென்று விழுந்தது. மேலே தூக்கிவிட்டார். மழை பெய்துகொண்டுதான் இருந்தது, சுவிட்ச் விழாமல் நின்றது.

அன்றிரவு விருந்தினர்கள் விளக்குச் சரம் இல்லாமல் இருட்டில்தான் குளித்தார்கள்.