காஞ்சி எடையும் கடல் எடையும்

காஞ்சிபுரம் எடை அறிந்த ஊர். வாசக அன்பர்களே, திருமணப் பட்டெடுக்க அவ்வூர் சென்றிருப்பின் இதனை நீங்களே கண்டிருப்பீர்கள். நெசவாளரிடம் பட்டு நூலை எடை போட்டே கொடுப்பர். நெய்து முடித்த சேலையையும் எடை போட்டே திரும்பப் பெறுவர். சரிகைக்கோ 'மார்க்' என்றொரு தனிக் கணக்கு. ஒரு மார்க் ஏறத்தாழ 240 கிராம். சேலையைக் கையில் ஏந்தியதும் 'நல்ல கனம்' என்று நம் வீட்டுப் பெண்மணிகள் முகம் மலர்வதும், அக்கனத்தையே தரத்திற்குச் சான்றாகக் கடைக்காரர் எடுத்துரைப்பதும் அங்கே அன்றாடக் காட்சி.

அவ்வூரிலிருந்து சுமார் 65 கிலோமீட்டர் பயணம் செய்தால் மாமல்லபுரக் கடற்கரை. 2019-இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகும் வரை அக்கரையும் காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்ததே. அங்கே 2002 ஏப்ரலில் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனத்தாரும் இங்கிலாந்திலிருந்து வந்த ஆய்வுக் குழுவினரும் கடலுக்குள் இறங்கி, 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில் சிதைந்த சுவர்களையும் வெட்டப்பட்ட கற்களையும் கண்டனர். காற்று நிரம்பிய சிலிண்டரை முதுகில் சுமந்து இவ்வாறு நீருக்கடியில் உலவுவதையே ஸ்கூபா என்கிறோம். இன்று புதுச்சேரியிலும் அந்தமானிலும் மாலத்தீவிலும் நம் இளைஞர்கள் ஆர்வத்தோடு இதனைக் கற்கின்றனர். உங்கள் பிள்ளையும் நாளை கேட்கலாம். அப்போது சிலிண்டரைப் பற்றி விசாரிக்க நாம் மறக்க மாட்டோம். கூடவே கட்டிக்கொள்ளும் ஈயத்தைப் பற்றி விசாரிப்போர் அரிது. பட்டுக்குப் பெருமை சேர்க்கும் கனம், கடலில் உயிரோடு விளையாடும் பொருளாகி விடுகிறது.

மூழ்குவதற்கு எடை எதற்கு? நெஞ்சில் மூச்சு நிறைந்திருக்கையில் நம் உடல் மிதக்கவே முயலும். குளிர் தாங்க அணியும் ரப்பர் உடையில் நுண்ணிய காற்றுக் குமிழிகள் நிறைந்திருப்பதால் அதுவும் மேலே இழுக்கும். இவ்விரண்டையும் ஈடுகட்டத்தான் ஈயம்.

இக்கணக்கை நம் முன்னோர் அறியாதவர் அல்லர். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்த பரதவர்களும் கீழக்கரை முஸ்லிம்களும் கல்லைக் கொண்டே இறங்கினர். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக் கரையில் அத்தொழிலைப் பார்த்து எழுதிய ஆங்கிலேயர்கள் இருவகைக் கற்களைக் குறிப்பிடுகின்றனர். ஒன்று, ஏறத்தாழ 30 பவுண்டு, அதாவது 13 கிலோவுக்கு மேற்பட்ட கல். அதனை ஒட்டிய கயிற்று வளையத்தில் காலை நுழைத்து, ஒரு மூச்சில் அடியாழம் சேர்வர். தரை தட்டியதும் கால் விலகும்; படகிலிருப்பவர் கல்லை மேலே இழுத்துக்கொள்வார். மற்றொன்று பிறை வடிவக் கல். அதனை வயிற்றில் கட்டிக்கொண்டால் கால்கள் இரண்டும் தடையின்றி இயங்கும். இக்கால ஈயக் கச்சையின் மூத்த உறவாக அதனையே நான் கருதுகிறேன். (கயிறு பிடிக்கும் பொறுப்பை மைத்துனரிடமே ஒப்படைப்பார்கள் என்று சொல்வதுண்டு. தங்கையின் வாழ்வு அக்கயிற்றில் தொங்குகிறதல்லவா!) தூத்துக்குடிப் பார்களில் 1955 முதல் 1961 வரை நடைபெற்ற முத்துக்குளிப்போடு அத்தொழில் ஓய்ந்தது.

முத்துக்குளிப்பவருக்கு எடை தேவைப்பட்டது இறங்கும்போது மட்டுமே. ஸ்கூபாவில் அப்படியன்று. ஏறாமலும் இறங்காமலும் நீரின் நடுவே நிற்க வேண்டும். ஆதலால் ஈயம் இறுதி வரை உடனிருக்க வேண்டும். ஆயினும் ஆபத்து நேர்ந்தால் ஒரே இழுப்பில் நீங்கவும் வேண்டும். எடை தாங்கும் முறையைத் தேர்வதில் உள்ள சிக்கல் முழுவதும் இவ்விரு தேவைகளுக்கு இடையே அடங்கிவிடுகிறது.

பழைய முறை, ஈயக் கட்டிகளைக் கோத்த இடுப்புக் கச்சை. விலை குறைவு, எந்த உடையோடும் பொருந்தும், வலக்கையால் கொக்கியை விடுவித்தால் மொத்தமும் விழும். குறைகளும் உண்டு. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்காவதால் ரப்பர் உடை சுருங்கும், கச்சை தளரும், இறுக்கிக்கொள்ள மறந்தால் நழுவும். நீண்ட நேரம் அணிவோருக்கு அடிமுதுகு வலிப்பதுமுண்டு.

புதிய முறையில், காற்று ஊதிக்கொள்ளும் மிதவைச் சட்டையிலேயே ஈயப் பைகள் செருகப்படும். இடுப்பு வருந்தாது. ஆனால் சட்டையும் சிலிண்டரும் ஈயமும் ஒன்றாகிக் கனப்பதால், முதலில் பைகளை உருவிக் கொடுக்காவிடில் சிறு படகில் ஏற்றுவது பெரும்பாடு. பையைச் சரியாகப் பொருத்தாதவர் நீரில் ஒரு பக்கத்து ஈயத்தை இழந்து சாய்ந்து தவிப்பார். நீருக்கடியில் சட்டையைக் கழற்ற நேர்ந்தால் ஈயமும் அதனோடு போய்விடும். ரப்பர் உடை அணிந்தவர் மேல்நோக்கிப் பாய்வார். புதிதாகக் கற்பவர் முதலில் கச்சையில் பழகுவதே நலம் என்பது என் கருத்து. முதுகு வலி உள்ளோரும் இடுப்பு ஒடுங்கியோரும் பைகளை நாடலாம். ஈயத்தைக் கச்சைக்கும் பைக்குமாகப் பிரித்துக்கொள்வோரும் உளர்.

எவ்வகையாயினும் கனம் கூடுதலாக இருக்கட்டும் என்ற எண்ணம் மட்டும் கூடாது. மிகையான ஈயத்தை ஈடுகட்டச் சட்டையில் மிகையான காற்றை அடைக்க நேரும். மேலேறும்போது அக்காற்று விரிந்து அவரை அடக்கமின்றித் தூக்கும். வேகமாக எழுந்தால் நுரையீரலே சேதமுறலாம். ஈயத்தை ஆழத்தில் நழுவவிடுவதிலும் இதே ஆபத்துண்டு. ஆனால் நீரின் மேற்பரப்பை அடைந்தும் தத்தளிப்பவர் தயங்காது அதனைக் கைவிட வேண்டும். மூழ்கி இறந்தோரில் மிகப் பலர் ஈயத்தைக் கழற்றாத நிலையிலேயே கண்டெடுக்கப்பட்டனர் என்பதை விபத்து ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டுகின்றன.

அளவைச் சோதிப்பது எளிது. சிலிண்டரில் காற்று குறைந்துள்ள வேளையில், சட்டையின் காற்றை முற்றும் நீக்கி, இயல்பான மூச்சோடு அசையாமல் நிற்க வேண்டும். நீர்மட்டம் கண்ணளவில் நின்று, மூச்சை விட்டதும் மெல்ல அமிழ்ந்தால் அளவு சரி. காற்று குறைந்த வேளை ஏனெனில், வழக்கமான அலுமினிய சிலிண்டரில் நிரம்பும் காற்றே 2 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. அது தீரத் தீர, தொடக்கத்தில் சரியாயிருந்தவர் இறுதியில் மிதக்கத் தொடங்குவார். நன்னீர்க் குளத்தில் கற்ற பிள்ளை கடலுக்குச் செல்கையில் இச்சோதனையை மீண்டும் செய்ய வேண்டும். உப்பு நீர் அடர்த்தி மிக்கதாதலால், அங்கே சுமார் 2 கிலோ ஈயம் கூடுதலாகத் தேவைப்படும்.