ஸெயின்ட் ஹெலினாவில் ஒரு பழைய கார்

ஆப்பிரிக்கக் கரைக்கு மேற்கே ஏறக்குறைய 1,900 கிலோமீட்டர் தள்ளி, தென் அட்லாண்டிக் சமுத்திரத்தின் நடுவே 121 சதுர கிலோமீட்டர் விஸ்தீரணத்தில் அமைந்த ஸெயின்ட் ஹெலினாவுக்கு உத்தியோக நிமித்தம் சில மாதங்கள் வாசம் செய்யப் போன எனக்கு, நெப்போலியன் தம் அந்திமக் காலத்தைக் கழித்த லாங்வுட் மாளிகையைப் பார்ப்பதைக் காட்டிலும் அவசரமான காரியமாக வாய்த்தது, கைக்கடக்கமான விலையில் ஒரு பழைய காரைத் தேடிப் பிடிப்பதுதான். பஸ் இல்லாமல் இல்லை; ஆனால் அதன் நேரமும் என் அலுவலக நேரமும் ஒத்துப்போகவில்லை. நடக்கலாமென்றாலோ, தலைநகரான ஜேம்ஸ்டவுன் குறுகிய பள்ளத்தாக்கில் ஒடுங்கிக் கிடக்க, எனக்குக் கிடைத்த வீடு மலைக்கு மேலே இருந்தது. இரண்டையும் நேராக இணைக்கும் ‘ஜேக்கப் ஏணி’க்கு 699 படிகள். காய்கறிப் பையோடு தினந்தோறும் அதில் ஏறுவது என் வயதுக்கு ஒவ்வாத தபஸ்.

விலை விசாரிக்கத் தொடங்கியபோதுதான் அத்தீவின் பொருளாதார சாஸ்திரம் விளங்கலாயிற்று. 2017-இல் ஜோஹானஸ்பர்க்கிலிருந்து விமானம் வந்து இறங்கத் தொடங்கிய பிறகும், கார் என்பது கப்பலேறித்தான் வந்தாக வேண்டும்; வந்த கார் திரும்பிப் போவதுமில்லை. அசல் விலையோடு கப்பல் கூலியும் சுங்கத் தீர்வையும் சேர்ந்துகொள்வதால், இங்கிலாந்தில் என்றைக்கோ காயலான் கடைக்குப் போயிருக்க வேண்டிய ஃபோர்டு ஃபியஸ்டா, இங்கே தன் வயதைப் பற்றிய கூச்சம் சிறிதுமின்றி நல்ல விலைக்கு நிற்கிறது.

முதலில் பார்த்த வண்டி ஓடியிருந்த மைல்கள் வெகு சொற்பம். ஊரில் என்றால் அதைப் பார்த்தே முன்பணம் கொடுத்துவிடுவோம். ஆனால் நீளவாட்டில் ஏறக்குறைய பத்து மைலில் முடிந்துவிடுகிற தீவில் எந்த வண்டிதான் அதிகம் ஓடியிருக்க முடியும்? அந்தச் சொற்ப மைல்களையும் அது முதல் கியரில் முக்கி ஏறியும், பிரேக்கை மிதித்தபடி இறங்கியுமே கடந்திருக்கிறது. ஆகவே கிளச்சையும் பிரேக்கையும் சோதிக்காமல் மைல் கணக்கைப் படிப்பது வியர்த்தம். போதாக்குறைக்கு உப்புக் காற்று. வெளியே பெயின்ட் பளபளத்த அந்த வண்டியில், டிரைவர் காலடியில் கிடந்த விரிப்பைத் தூக்கிக் கட்டைவிரலால் சற்றே அழுத்தினேன். தகடு அப்பளம்போல் நொறுங்கிற்று. சொந்தக்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

சுமார் 4,500 பேரே வசிக்கும் இடத்தில் ஒரு காரின் பூர்வோத்தரம் யாருக்கும் ரகசியமல்ல என்பது எனக்குப் பெரிய சகாயமாயிற்று. அடுத்து நான் பார்த்துவிட்டு வந்த நீல வண்டியைப் பற்றி, நான் வாய் திறக்குமுன்பே ரொட்டிக் கடை அம்மாள், “சைட் பாத் சாலை மதிலில் உரசினதைச் சொன்னாரா? கதவு மாற்றின கதவு. ஆனால் இன்ஜின் நல்ல இன்ஜின்” என்று தீர்ப்பளித்துவிட்டார். உபகாரத்துக்குத் தரகுக் கூலியும் கேட்கவில்லை. நம் தரகர்கள் ஒரு மாதம் அங்கே தங்கி வந்தால் க்ஷேமம் என்று தோன்றியது.

அந்த நீல வண்டியையே வாங்கினேன். கதவைப் பற்றி நான் பிரஸ்தாபித்ததும், உரியவரான ஓய்வுபெற்ற மாலுமி சிரித்துக்கொண்டே விலையைக் கொஞ்சம் குறைத்தார். வெள்ளோட்டத்துக்குப் பக்கத்தில் அவரே ஏறிக்கொண்டார். ஒற்றை வண்டி மட்டுமே செல்லத்தக்க தீவின் மலைச்சாலைகளில் ஏறுகிற வண்டிக்கே முன்னுரிமை. இறங்குகிறவர் ஒதுங்கி நிற்க வேண்டும். ஒதுங்கி நின்ற ஒவ்வொருவருக்கும் கையசைக்க வேண்டுமென்பது அவ்வூர் மரியாதை. மலையேற்றத்தில் கியர் மாற்றிக்கொண்டே அதைச் செய்யப் பழக எனக்குச் சிறிது காலம் பிடித்தது; அன்றைக்கு எனக்கும் சேர்த்து அவரே அசைத்துக்கொண்டு வந்தார்.

பணத்தை எண்ணி வாங்கியபின் ஒரு நிபந்தனை மட்டும் விதித்தார்: நான் தீவை விட்டுக் கிளம்பும்போது வண்டியை வேறெவருக்கும் பேசிவிடாமல், அவர் பேரனிடம்தான் முதலில் கேட்க வேண்டும், பையனுக்கு அதற்குள் லைசென்ஸ் வாங்கும் வயது வந்துவிடுமாம்.