சிவப்பு விளக்குக்கு முன்னால்

மதுரை மாட்டுத்தாவணி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு 1999-ல் திறந்த பேருந்து நிலையமும் பூ மார்க்கெட்டும்தான் நினைவுக்கு வரும். அந்த வட்டாரத்தில் லாரியையும் வேனையும் நம்பிப் பிழைக்கும் பட்டறைகளை நான் பார்க்கப் போனது ஒரே ஒரு வேலைக்காக: பழைய லாரிக்குத் தனியாக ஆயில் பிரஷர் மீட்டர் மாட்டுவது. முதலாளிகள் பலர் இதை ஹாரன், ஸ்டிக்கர் வரிசையில் சேர்த்து அலங்காரச் செலவாக நினைக்கிறார்கள். ‘ஆயில் லைட்டுதான் இருக்கே, அப்புறம் எதுக்குண்ணே மீட்டரு?’ என்பது அங்கே வழக்கமான கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் அந்த விளக்கு என்ன சொல்கிறது என்று பார்த்தால், அதை மட்டும் நம்பி லோடு வண்டி ஓட்டுவது எவ்வளவு ஆபத்து என்பது விளங்கிவிடும்.

சிவப்பு விளக்கு அழுத்தத்தை அளப்பதில்லை. அழுத்தம் ஓர் எல்லைக்குக் கீழே போய்விட்டதா என்பதை மட்டும்தான் காட்டும். பல டீசல் எஞ்சின்களில் அந்த எல்லை சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோவை ஒட்டியிருக்கும். நல்ல எஞ்சின் சூடேறிய பிறகும் ஓட்டத்தில் 3, 4 கிலோ காட்டும். ஐடிலிங்கில் ஒரு கிலோவாவது நிற்கும். பேரிங் தேயத் தேயக் கிராங்கைச் சுற்றி இடைவெளி கூடுகிறது. பம்ப் தள்ளும் ஆயில் தடையில்லாமல் வழிந்து சம்புக்குப் போய்விடுகிறது, அழுத்தம் இறங்குகிறது. ஆயிலில் டீசல் கலந்து நீர்த்தாலும் இதே கதிதான். நான்கு காட்டிய எஞ்சின் இரண்டுக்கு இறங்கியிருந்தாலும் விளக்கு எரியாது. எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது அதற்கு வேண்டிய அழுத்தமும் கூடுகிறது. விளக்கின் எல்லையோ ஐடிலிங்குக்கும் 2000 சுற்றுக்கும் ஒன்றேதான். சித்திரை வெயிலில் முழு லோடோடு குமுளி மலைச்சாலை ஏறும் லாரியில் அந்த விளக்கு எரிகிறது என்றால், பேரிங் அநேகமாகப் போய்விட்டது என்று பொருள். மீட்டர் இருந்தால் மாதக்கணக்கில் முள் இறங்கி வருவதைப் பார்த்து, பேரிங் மாற்றும் செலவோடு தப்பிக்கலாம். இல்லாவிட்டால் கிராங்கையே மாற்ற வேண்டிவரும்.

வேலையின் நுட்பம் முழுவதும், விளக்கை எரியவைக்கும் பழைய ஆயில் சுவிட்சைக் கழற்றிய துளையில் இருக்கிறது. அரைக்கால் அங்குல மரையும் 10 மில்லிமீட்டர் மரையும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். வித்தியாசம் கால் மில்லிமீட்டரை ஒட்டித்தான். அரைக்கால் அங்குலத்திலேயே அங்குலத்துக்கு 28 மரை உள்ள பிரிட்டிஷ் வகையும் உண்டு, 27 உள்ள அமெரிக்க வகையும் உண்டு. ஒன்று மற்றொன்றில் சில சுற்று ஏறி, பிறகு இறுகும். அங்கே ஸ்பேனர் போட்டு முறுக்கினால் மரை போகும், சில சமயம் ஃபில்டர் ஹவுசிங்கே விரியும். தேர்ந்த கைக்காரர் அதனால் முதல் சுற்றுகளை விரலாலேயே ஏற்றிப் பார்க்கிறார். டெஃப்லான் டேப் சுற்றும்போது முனையில் ஒன்றிரண்டு மரையை வெறுமனே விடுகிறார். துணுக்கு பிய்ந்து ஆயில் வழிக்குள் போகக் கூடாது. டேப்பை அதிகமாகச் சுற்றினாலும் தவறு. மீட்டரின் ஒற்றை ஒயர் சென்சாருக்கு எர்த் கிடைப்பது அந்த மரை வழியாகத்தான். கனமான சென்சாரை அந்தத் துளையில் மாட்டும் டீ ஜாயின்ட்டிலேயே தொங்கவிட்டால் எஞ்சின் அதிர்வில் அதன் கழுத்து ஒடியும். ஹோஸ் போட்டுச் சென்சாரைத் தனியே சேஸிஸில் நிறுத்தி, தனி எர்த் கொடுப்பது நல்லது. இன்னொன்று: ‘குட்டி யானை’ வேனுக்கு 12 வோல்ட், பெரிய லாரிக்கு 24. 12 வோல்ட் மீட்டரை 24-ல் மாட்டினால் புகைந்துவிடும்.

புதிதாக ஒரு ஜாயின்ட் போட்டால் புதிதாக ஒரு ஒழுக்கு வர இடம் கொடுக்கிறோமே என்பார்கள். எதிர்வாதங்களில் வலுவானது இதுதான். குறிப்பாக, 1849-ல் யூஜின் போர்டான் கண்டுபிடித்த வளைகுழாய் முறையில் இயங்கும் மீட்டருக்கு எஞ்சின் ஆயிலே மெல்லிய குழாய் வழியாகக் கேபினுக்குள் வர வேண்டும். அதிர்வில் செம்புக் குழாய் இறுகி வெடித்தால் ஆயில் டர்போவின் மேல் பீய்ச்சியடித்துத் தீப்பிடிக்கலாம். ஆகவே அந்த மீட்டரைப் பட்டறையில் சரிபார்க்கும் கருவியாக வைத்துக்கொண்டு, வண்டியில் ஒயரில் ஓடும் மீட்டரை மாட்டுவதே சரி என்பது என் முடிவு. டிரைவர் முள்ளைப் பார்க்க மாட்டார் என்ற வாதமும் பொய்யல்ல. அதற்காகத்தான் டீ ஜாயின்ட்டின் மற்றக் கிளையில் பழைய சுவிட்ச் அப்படியே இருக்க வேண்டும். விளக்கும் இருக்கட்டும், முள்ளும் இருக்கட்டும். 2020-க்குப் பிந்தைய பிஎஸ்6 வண்டிகளில் ஒயரை வெட்டிக் கைவைக்க வேண்டாம். நான் பேசுவது பழைய வண்டிகளைப் பற்றித்தான்.

லாரி முதலாளிகளிடம் ஒரு வேண்டுகோள். எஞ்சின் வேலை முடிந்து வண்டி வெளியே வரும் அன்றே மீட்டரை மாட்டச் சொல்லுங்கள். சூடான எஞ்சின் ஐடிலிங்கில் எவ்வளவு காட்டுகிறது என்பதை டேஷ்போர்டிலேயே எழுதி வையுங்கள். எந்த மரை, எத்தனை வோல்ட், இந்த மீட்டருக்கு இந்தச் சென்சார்தானா என்று கேட்டுவிட்டு வேலையைத் தொடங்கும் எலக்ட்ரீஷியனிடமே வண்டியைக் கொடுங்கள். அவர் கேட்கும் கூலியில் பேரம் பேசாதீர்கள்.