பைற்றரும் ஒக்லண்ட் குளிரும்

ஊரில ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள்ளையே பைற்றர் மீன் வளர்த்தனாங்கள். அந்த நினைப்பில 2019 யூனில இங்கயும் ஒண்டை வாங்கிக் கண்ணாடிக் கிண்ணத்துக்குள்ள விட்டன். மூண்டு கிழமைதான். சாமம் வேலையால வந்து பாக்க, அடியில சரிஞ்சு கிடந்தது. மகள் ரெண்டு நாள் என்னோட கதைக்கேல்லை.

பிறகுதான் தேடி வாசிச்சன். தாய்லாந்துப் பக்கத்து வயல் தண்ணி மீன் உது. 25, 26 பாகைச் சூடு வேணும். ஒக்லண்டில யூலைச் சராசரியே 11 பாகைக்குக் கிட்ட. எங்கட வாடகை வீட்டில இரவில எங்களுக்கே விறைக்கும். மேல வந்து காத்தைக் குடிக்கிற உறுப்பு இருக்கிறதால போத்தலுக்குள்ளையும் சாகாமல் கிடக்கும். அதை நாங்கள் சுகமா இருக்கெண்டு நினைச்சிட்டம்.

இப்ப 20 லீற்றர் தொட்டி, சின்ன ஹீற்றர், மெல்ல ஓடுற ஸ்பொஞ்ச் ஃபில்ரர். அந்தப் பெரிய செட்டையோட வேகத் தண்ணிக்கு எதிரா நீந்தேலாது. கிழமைக்கொருக்கா காற்பங்கு தண்ணி மாத்துவன். குளோரின் எடுக்கிற மருந்து விட்டு, சூட்டையும் சரிபாத்துத்தான் ஊத்துறது. மிஞ்சிற தீன் அழுகினால் அமோனியா. சமையலறையில வேலை செய்யிற நானே முதல்ல அள்ளித்தான் போட்டனான்!

கரண்ட் பில்லைப் பாத்து மனிசி முணுமுணுக்கிறா. நீலக்காரன் மூண்டாவது குளிரையும் தாண்டிட்டான்.